இரண்டு சொடுக்கு

பொம்மைகளுக்கு பெல்ட் போடுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கார் இருக்கைகளை மோதவிட்டுப் பார்க்கும் சோதனைக்கூடத்தில் பன்னிரண்டு வருஷமாக அவனுக்கு அதுதான் வேலை. பெரியவர் பொம்மை, பத்து வயதுப் பொம்மை, மூன்று வயதுப் பொம்மை, கடைசியில் கைக்குழந்தைப் பொம்மை என்று ஒரு குடும்பமே அவன் பொறுப்பில் இருந்தது. இருக்கையில் பொம்மையை வைத்து, பெல்ட்டை மாட்டி, தண்டவாளத்தில் ஓடும் ஒரு மேடையில் ஏற்றி, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வரவிட்டுச் சட்டென்று நிறுத்துவார்கள். கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த ஒரு இமைப்பைப் படம் பிடித்து நாள் முழுக்க மெதுவாக ஓட்டிப் பார்ப்பார்கள். கூடத்தில் எல்லாரும் அவனைப் பொம்மைக்காரன் என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

பெல்ட் போடுவதற்கு அங்கே ஒரு முறை உண்டு. பொம்மையின் முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னப் பலகையைச் செருகி, பெல்ட்டை நன்றாக இறுக்கி, அப்புறம் பலகையை உருவிவிட வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு தளர்வு கிடைக்கும். மோதி முடிந்த பிறகு ஒரு தாளை நிரப்ப வேண்டும். பெல்ட் நகர்ந்ததா, பூட்டு திறக்கிறதா, தலை எவ்வளவு தூரம் போனது என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருப்பார்கள். மோதிய பிறகு கைக்குழந்தைப் பொம்மையின் தலை எப்போதும் முன்னால் தொங்கிப்போய்த்தான் இருக்கும். அதற்கு அவன் ஒரே வாக்கியத்தை நூற்றுக்கணக்கான தடவை எழுதியிருக்கிறான்: தாடை மார்பில் சாய்ந்துள்ளது, குறை ஏதுமில்லை. பொம்மைக்கு என்ன, மூச்சா முட்டப்போகிறது?

அப்பேர்ப்பட்டவனுக்கு ஒரு பெண் பிறந்தாள். குறித்த நாளுக்கு ஐந்து வாரம் முன்னாலேயே, யாரையும் கேட்காமல் அவசரப்பட்டு வந்துவிட்டாள். பிறந்ததும் நேராகக் கண்ணாடிப் பெட்டிக்குள் போனவள் மூன்று வாரம் அங்கேயே கிடந்தாள். அவன் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் அவன் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவான். டீச்சர் அந்த மூன்று வாரமும் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கி, உட்கார்ந்தே சாப்பிட்டு, உட்கார்ந்தே அழுதாள். வயிற்றில் போட்ட தையல் ஒரு பக்கம் இழுக்கும். அவளுடைய ஆசையெல்லாம் ஒன்றே ஒன்றுதான். பெண்ணைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசற்படி ஏறி, கதவைச் சாத்தித் தாழ் போட வேண்டும்.

அந்த நாள் ஒருவழியாக வந்தது. காலையிலேயே பொம்மைக்காரன் தான் தேர்ந்தெடுத்த கார் சீட்டைத் தோளில் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றான். கூடத்தில் அவன் கையால் மோதிப் பார்த்ததிலேயே அதிக மதிப்பெண் வாங்கியது அது. குழந்தையைச் சாய்த்து உட்கார வைக்கிற மாதிரி, முதுகு நிமிர்ந்த இருக்கை. வார்டின் மூத்த நர்ஸ் அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதுல ஒன்றரை மணி நேரம் வெச்சுப் பாத்துட்டுதான் சார் அனுப்புவோம். நாளுக்கு முன்னாடியே பொறந்த கொழந்தைங்க எல்லாத்துக்கும் இது உண்டு."

"எதுக்கு சிஸ்டர்? இது டெஸ்ட் பண்ண சீட்டு. நானே டெஸ்ட் பண்ணது."

"நீங்க சீட்ட டெஸ்ட் பண்ணீங்க. நாங்க கொழந்தைய டெஸ்ட் பண்றோம்."

அவன் பையிலிருந்து துண்டில் சுற்றிய பலகையை வெளியே எடுத்தான். கூடத்திலிருந்து கேட்டு வாங்கி வந்தது. நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு, காய் நறுக்கவா?" என்றாள். டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுத்ததால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்று வாரத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதனால் அவனும் அந்தக் கிண்டலைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குழந்தையின் கால் விரலில் ஒரு கிளிப்பை மாட்டி, கம்பியை மெஷினோடு இணைத்து, சீட்டில் உட்கார வைத்தார்கள். பெல்ட் அம்சமாகப் பொருந்தியது. அவன் கையைக் கட்டிக்கொண்டு பரீட்சைக்கு நன்றாகப் படித்த பையனைப் போல நின்றான். இருபத்தெட்டாவது நிமிஷம் மெஷின் அலறியது. குழந்தையின் தாடை மார்பில் இடித்துக்கொண்டிருந்தது. உதட்டைச் சுற்றி ஒரு மங்கல். நர்ஸ் பாய்ந்து வந்து தலையைத் தூக்கிப் பிடித்து, உள்ளங்காலில் விரலால் சுண்டினாள். குழந்தை ஒரு முக்கல் முக்கி மூச்சை இழுத்தது.

"பாத்தீங்களா? தலை கனம், கழுத்துல பலம் இல்ல. தாடை நெஞ்சுல இடிச்சா மூச்சுக்குழல் மடங்கிடும். தண்ணிக் குழாய மடக்குனா நின்னு போகுமில்ல, அதேதான். அழுது கூப்பிடவும் முடியாது அவளால. சத்தமே வராது. இவளப் படுக்க வெச்சுதான் கூட்டிட்டுப் போகணும்."

அவனுக்கு முகம் செத்துப்போனது. பயம் ஒரு பங்கு என்றால் அவமானம் ஒரு பங்கு. அவன் தேர்ந்தெடுத்த சீட்டு பரீட்சையில் தோற்றுவிட்டது, அதுவும் டீச்சர் கண்ணெதிரே.

ஆஸ்பத்திரியில் இரவல் கொடுப்பதற்கென்று ஒரு சீட்டு வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் ஒரு லிவர் இருக்கும். அதை அமுக்கினால் உள்ளிருக்கை மட்டும் படுக்கையாகத் தாழும். மேலே தூக்கினால் சொடுக்குச் சொடுக்காக நிமிரும். வெளி ஓடு அப்படியே இருக்கும். காருக்குள்ளேயே குழந்தையைப் படுக்க வைத்துக் கூட்டிப்போகலாம் என்று முறைப்படி அனுமதி வாங்கிய சீட்டு. பார்த்த உடனேயே பொம்மைக்காரனுக்கு அடையாளம் தெரிந்தது. அந்த அனுமதிக்கான தாளில் இருந்த கையெழுத்தே அவனுடையதுதான்.

கையெழுத்துப் போட்டானே தவிர, அவனுக்கு அந்தச் சீட்டை அறவே பிடிக்காது. படுத்த நிலையில் மோதவிட்டபோது பொம்மை தலைப்பக்கமாக இரண்டு விரல் அளவு வழுக்கிப் போனது. நான்கு விரல் வரை போகலாம் என்பது விதி. இரண்டு விரல் என்றால் தாராளமான தேர்ச்சி. ஆனாலும் அந்த வழுக்கலை மெதுவாக ஓடவிட்ட படத்தில் முப்பது நாற்பது தடவை பார்த்தவன் அவன். டீ குடிக்கும்போது, "படுத்துக்கிட்டே போறதுக்கு அது என்ன ரயிலா?" என்று சக ஆட்களிடம் நக்கலடித்திருக்கிறான். தன் கையெழுத்தைத் தானே நம்பாத ஆள் என்று இவனைத்தான் சொல்ல வேண்டும்.

மத்தியானம் அந்தச் சீட்டில் படுக்க வைத்துப் பார்த்தார்கள். ஒன்றரை மணி நேரமும் மெஷின் வாயைத் திறக்கவில்லை. குழந்தை தூக்கத்தில் எப்போதும் செய்வது போல ஒரு சின்ன முனகலை விட்டுக்கொண்டே கிடந்தது. கதவு கீல் லேசாக உராய்வது மாதிரி ஒரு சத்தம். மூன்று வாரமாக அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் டீச்சர் தூங்கினாள்.

'பயணம் முழுவதும் படுத்த நிலையில்' என்று எழுதிய தாளில் அவன் கையெழுத்துப் போட்டான். அன்றைக்கு நர்ஸே கார் நிறுத்துமிடம் வரை இறங்கி வந்தாள். முன்சீட்டை முழுவதும் முன்னால் தள்ளி, பின்சீட்டில் அதைப் பொருத்தி, லிவரை அமுக்கிப் படுக்கையாக்கி, குழந்தையைக் கிடத்தி, அவன் பெல்ட் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அரை மணி நேரம்தான வீட்டுக்கு? ஆறு மணிக்கு நான் போன் பண்றேன். ஏதாவது ஒரு சின்ன மாத்தம் தெரிஞ்சாலும் மறைக்காம சொல்லணும்."

அவள் லிஃப்ட்டுக்குள் போனாள். டீச்சர் காரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கக் கதவுக்கு மெல்ல நடந்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அவன் அதைச் செய்தான். ஆற்றுக்கடியில் போகிற சுரங்கப்பாதையில் லாரிகள் வரும். பின்னாலிருந்து எவனாவது இடித்தால்? இரண்டு விரல் அவன் கண்ணுக்குள் வழுக்கியது. அரை மணி நேரம்தானே, முழுக்க நிமிர்த்தப் போவதில்லையே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு லிவரைத் தூக்கினான். ஒரு சொடுக்கு. கொஞ்சம் யோசித்து, இன்னொரு சொடுக்கு. குழந்தை பாதி நிமிர்ந்தது. வெயில் படாமல் இருக்க என்று சீட்டின் மேல்மூடியைக் கொஞ்சம் இழுத்துவிட்டான்.

டீச்சர் உள்ளே ஏறி, கதவுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்தாள். "என்ன சத்தம்?"

"பெல்ட்ட ஒருதடவ பாத்தேன்."

"நல்லா படுத்திருக்காளா?"

"ம்."

ஒரே ஒரு எழுத்துதான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் அதற்கு மேல் சொல்ல வராமல் வண்டியைக் கிளப்பினான். டீச்சர் மூடிக்குள் எட்டிப் பார்த்தாள், குழந்தையின் முகம் தெரிந்தது, போதும் என்று தலையைச் சாய்த்தாள். மூன்று வாரத்துத் தூக்கம் மொத்தமும் அவளை அமுக்கியது. கார் தெருவுக்கு வருவதற்குள் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள்.

சுரங்கத்துக்குள் நுழைந்து பாதி தூரம் போவதற்குள் எல்லா வண்டிகளும் நின்றுவிட்டன. முன்னால் ஒரு லாரி மக்கர் பண்ணிவிட்டது என்று யாரோ ஜன்னல் வழியே யாரிடமோ சொன்னார்கள். இரண்டே வரிசை. அவன் பக்கம் சுவர், கதவைத் திறந்தால் கையை மட்டும்தான் வெளியே நீட்ட முடியும். மறுபக்கம் ஒரு டாக்ஸி, கண்ணாடியோடு கண்ணாடி ஒட்டிக்கொண்டு நின்றது. முன்னால் ஒரு வேன், பின்னால் ஒரு பஸ். போனைப் பார்த்தான், சிக்னல் இல்லை. மேலே மஞ்சள் விளக்குகள் வரிசையாக எரிந்தன. அதற்கு மேலே ஒரு ஆறே இருக்கிறது என்ற நினைப்பும் வந்தது. புகை உள்ளே வராமல் கண்ணாடிகளை ஏற்றி, இன்ஜினை அணைத்தான்.

பத்து நிமிஷம் போனது. பத்து இருபதானது. நடுவில் இரண்டு மூன்று தடவை கார் நீளம் நகர்ந்தார்கள், மறுபடி நின்றார்கள். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். குழந்தையைப் பார்ப்பதற்கென்று பின்சீட்டுச் சாய்மானத்தில் ஒரு சின்னக் கண்ணாடி கட்டியிருந்தான். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தால் அந்தக் கண்ணாடி தெரியும், அந்தக் கண்ணாடியில் குழந்தை தெரியும்.

பார்த்தான். பெல்ட் இம்மி நகரவில்லை. தோள் இரண்டும் சமமாக இருந்தன. தாடை மார்பில் சாய்ந்திருந்தது. குழந்தை அசையாமல், சத்தமில்லாமல், சமர்த்தாக இருந்தது. குறை ஏதுமில்லை.

இதைச் சொல்லும்போது எனக்கே அவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருக்கிறது. ஆனால் பன்னிரண்டு வருஷம் ஒரே காட்சியைப் பார்த்துச் 'சரி' என்று குறி போட்ட கண் அது. காலையில் நர்ஸ் சொன்னதெல்லாம் அவன் காதில் ஏறியிருந்தது. கண்ணில் ஏறவில்லை. அவன் அந்தக் கண்ணாடியை ஒரு தடவை அல்ல, மூன்று தடவை பார்த்தான். மூன்று தடவையும் நிம்மதியாகத் திரும்பிக்கொண்டான்.

முன்னால் நின்ற வேனும் இன்ஜினை அணைத்தது. பின்னால் பஸ்ஸும் அணைந்தது. சுரங்கம் கொஞ்சம் கொஞ்சமாக அமைதியானது. டாக்ஸிக்காரர் விரலால் கதவைத் தட்டித் தாளம் போடுவது கேட்டது. டீச்சரின் லேசான குறட்டை கேட்டது. எங்கேயோ தண்ணீர் சொட்டுவதுகூடக் கேட்டது. கீல் உராய்கிற அந்த முனகல் மட்டும் கேட்கவில்லை.

அவன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். இல்லை. நான்காவது தடவை கண்ணாடியைப் பார்த்தான். தாடை மார்பில் இருந்தது. இப்போதுதான் அது அவன் பெண்ணின் தாடையாகத் தெரிந்தது.

கதவைத் திறக்கப் போய்ச் சுவரில் இடித்தான். பெல்ட்டைக் கழற்றிவிட்டு இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவில் உடம்பைச் செருகினான். இடுப்பு மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. "டீச்சர். எந்திரி. எந்திரி டீச்சர்." குரல் அவனுடையதாகவே இல்லை. அவள் விழித்த வேகத்தில் மேல்மூடியைப் பின்னால் தள்ளினாள். குழந்தையின் உதட்டில் நிறம் இல்லை. சாம்பல் பூத்திருந்தது.

அவன் எட்டிப் பூட்டின் சிவப்புப் பொத்தானை அமுக்கினான். அது அமுங்கவில்லை. குழந்தைகள் விளையாட்டாகத் திறந்துவிடக் கூடாது என்று பலமாக வைத்திருப்பார்கள். எவ்வளவு பலம் என்று அளப்பதும் அவன் வேலைதான். கண்ணை மூடிக்கொண்டு ஆயிரம் தடவை திறந்த பூட்டில் அவன் விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது. டீச்சர் அவன் கையைத் தட்டிவிட்டு, இரண்டு கட்டை விரலையும் வைத்து ஒரே அமுக்காக அமுக்கினாள். திறந்தது. குழந்தையை வாரி எடுத்து முன்கையில் மல்லாக்கக் கிடத்தி, தலையை நேராக்கி, நர்ஸ் செய்த மாதிரியே உள்ளங்காலில் சுண்டினாள். ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை சுண்டினாள்.

குழந்தை ஒரு முக்கல் முக்கியது. மார்பு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அப்புறம் அழுதது. பூனைக்குட்டி அளவுக்குத்தான் சத்தம். அது போதுமாக இருந்தது. சாம்பல் போய் மெல்லச் சிவப்பு வந்தது. பொம்மைக்காரன் இரண்டு சீட்டுகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நிலையிலேயே அழுதான்.

டீச்சர் அழவில்லை. குழந்தையைத் தோளில் சாய்க்காமல், படுத்தபடியே பிடித்துக்கொண்டு காலி சீட்டைப் பார்த்தாள். கணக்கு டீச்சரின் கண். ஒரு கோடு சாய்ந்திருந்தால் அவளுக்குத் தெரியாமல் போகாது.

"இது ஏன் நிமிந்திருக்கு?"

அவன் முழங்கையால் கண்ணைத் துடைத்தான்.

"சிஸ்டர் படுக்க வெச்சாங்க. நான் பாத்தேன். இது ஏன் நிமிந்திருக்கு?"

"நான்தான். ரெண்டு சொடுக்கு. யாராவது பின்னால இடிச்சா... நான் அந்தப் படத்த பாத்திருக்கேன் டீச்சர். வழுக்கிப் போறத பாத்திருக்கேன்."

"நான் கேட்டப்ப ம்-னு சொன்ன." கோபம் வந்தால் டீச்சருக்கு 'நீங்க' 'நீ' ஆகிவிடும்.

"ஆமா."

"என்கிட்ட ம்-னு சொன்ன."

அவள் குழந்தையின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து வேன் நகர்ந்தது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது, அதற்குப் பின்னால் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மூடிய சுரங்கத்தில் அந்தச் சத்தம் காதைக் கிழித்தது. டாக்ஸிக்காரர் கண்ணாடியை இறக்கி இவர்களைப் பார்த்தார். ஒரு ஆள் நடுவில் தொங்குகிறான், ஒரு அம்மா குழந்தையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவர் தலையை வெளியே நீட்டி, "கொழந்தைக்கு முடியலப்பா, கொஞ்சம் சும்மா இருங்கப்பா," என்று பின்பக்கம் கத்தினார். பஸ் ஹாரன் நின்றது. அவர் தன் வண்டியையும் நகர்த்தாமல் அப்படியே நிறுத்தி வைத்தார்.

"நான் இவள மடியிலயே வெச்சுக்கறேன்," என்றாள் டீச்சர்.

"வேண்டாம் டீச்சர். என்னத் திட்டு, அடி. மடியில மட்டும் வேண்டாம். சடன் பிரேக் போட்டாலே கைல நிக்காது. எவ்வளவு கெட்டியா புடிச்சாலும் நிக்காது."

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். இதை நம்பலாமா வேண்டாமா என்று பார்க்கிற பார்வை. கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவள் அவனை அப்படிப் பார்த்ததே இல்லை. பிறகு லிவரை அவளே அமுக்கினாள். இருக்கை இரண்டு சொடுக்கு இறங்கிப் படுக்கையானது. குழந்தையைக் கிடத்தினாள். அவன் பெல்ட்டைப் பூட்டினான், அவள் நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி விரலை விட்டுப் பார்த்தாள்.

"இத எவ்வளவு வேகத்துல இடிக்க வெச்ச?"

"அம்பது."

"அம்பதுல ரெண்டு வெரல்தான வழுக்குச்சு?"

"ஆமா."

"அப்ப முப்பதத் தாண்டாத. உனக்குப் பயமா இருந்தா மெதுவா ஓட்டு. அவள நிமித்தாத."

கணக்கு அவ்வளவுதான். அது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று யோசித்துக்கொண்டே அவன் இடுப்பை உருவிக்கொண்டு ஸ்டியரிங்குக்குத் திரும்பினான்.

முப்பதில் அந்தச் சுரங்கத்தை விட்டு வெளியே வந்தார்கள். பின்னால் வந்தவர்கள் முறைத்தபடி முந்திப் போனார்கள். அவன் ஒவ்வொரு திருப்பத்திலும், "மூச்சு?" என்று கேட்டான். "விடுறா," என்றாள் அவள். ஆற்றின் இந்தக் கரையில் வீடு ஐந்து நிமிஷம். ஆஸ்பத்திரி அந்தக் கரையில், சுரங்கத்துக்கு அப்பால் இருந்தது.

"திரும்பிப் போயிடலாமா?" என்று ஒரு தடவை கேட்டான்.

"நல்லாத்தான இருக்கா. செவந்துட்டா, அழுதா. வீட்டுக்குப் போ."

வீட்டு வாசலில் காரை நிறுத்தி, சீட்டோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியேறியபோது ஆறு மணி. கதவைத் திறந்ததும் டீச்சர் ஒரு பெருமூச்சு விட்டாள். உள்ளே தொட்டில் தயாராக இருந்தது, துணிகள் மடித்து அடுக்கி இருந்தன. அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. நர்ஸ்.

டீச்சர் சட்டென்று அவன் கையைப் பிடித்தாள். "இருங்க. சொன்னா திரும்ப வரச் சொல்வாங்க. மறுபடியும் பெட்டி, மறுபடியும் மெஷின். என்னால முடியாதுங்க." மறுபடி 'நீங்க' ஆகிவிட்டான். அவளுடைய கண் நிறைந்திருந்தது. "நானுந்தான் தூங்கிட்டேன். என் மேலயும் தப்பு இருக்கு. இப்ப நல்லா இருக்கால்ல? நமக்குள்ளயே இருக்கட்டும். நான் இத இனிமே எப்பவும் எடுக்க மாட்டேன்."

அவள் அவனுக்கு மன்னிப்பைக் கையில் எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்த வேண்டியதுதான் பாக்கி. போன் அடித்துக்கொண்டே இருந்தது. நல்லா இருக்கா சிஸ்டர் என்று மூன்று சொல் சொன்னால் போதும். அவன் குழந்தையைப் பார்த்தான். படுத்திருந்தது, நிறம் நன்றாக இருந்தது, முனகல் கேட்டது. குறை ஏதுமில்லை என்று எழுதத் தோன்றியது. அதே வாக்கியத்தைத்தான் சுரங்கத்திலும் மூன்று தடவை நம்பியிருந்தான்.

போனை எடுத்தான்.

"வீட்டுக்குப் போயிட்டீங்களா சார்? படுக்க வெச்சே கூட்டிட்டுப் போனீங்கல்ல?"

"இல்ல சிஸ்டர். நீங்க போனதும் நான் நிமித்தி வெச்சேன். சுரங்கத்துல வண்டி நின்னுடுச்சு. தாடை நெஞ்சுல விழுந்து, ஒதடு வெளுத்துப் போச்சு. என் மனைவி தூக்கி, கால்ல சுண்டின பிறகுதான் மூச்சு வந்துச்சு."

நர்ஸ் திட்டாமல், ஆஸ்பத்திரிக் குரலில் கேட்டாள். "எவ்வளவு நேரம் மூச்சு இல்லாம இருந்தா?"

ஒரு பொம்மையின் தலை எப்போது அசையத் தொடங்கியது, எப்போது நின்றது என்று நொடியை ஆயிரமாகப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவன் அவன்.

"தெரியல சிஸ்டர்," என்றான். "நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். ஆனா தெரியல."

"உடனே கூட்டிட்டு வாங்க. ராத்திரி முழுக்க மெஷின்ல வெச்சுப் பாக்கணும். வழியில நெறம் மாறினா உடனே ஓரமா நிறுத்தி ஆம்புலன்ஸுக்குக் கூப்பிடுங்க. படுக்க வெச்சுக் கொண்டுவாங்க சார்."

டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அவன் மேல் கோபப்பட அவளுக்குத் தெம்பு இல்லை. அவன் செய்தது சரி என்று சொல்லவும் மனம் வரவில்லை. தொட்டிலை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திறந்த கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள். உள்ளேயிருந்து தாழ் போட நினைத்த கதவு அது.

காரில் அவன் சீட்டைப் பொருத்தினான், பெல்ட்டைச் சரிபார்த்தான். லிவர் பக்கம் அவன் கை போவதற்கு முன்னால் அவள் சொன்னாள், "அதத் தொடாத."

அவன் கையை எடுத்துக்கொண்டு போய் ஸ்டியரிங்கில் வைத்தான். டீச்சர் லிவரை அமுக்கி, படுக்கை சமமாக இருக்கிறதா என்று கண்ணால் அளந்து பார்த்தாள். இன்னொரு தடவையும் அமுக்கினாள், அது ஏற்கெனவே கீழேதான் இருந்தது. சுரங்கத்தில் லாரியை எடுத்துவிட்டிருந்தார்கள், பாதை காலியாகக் கிடந்தது. அவன் முப்பதில் ஓட்டினான். "மூச்சு?" என்றான். "விடுறா," என்றாள். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவனுக்குக் குழந்தையின் முகம் தெரிந்தது, பக்கத்தில் டீச்சரின் கையும் தெரிந்தது. அவள் அதை லிவரின் மேல் அழுத்தி வைத்திருந்தாள். ஆஸ்பத்திரி வரும் வரைக்கும் எடுக்கவில்லை.